ஹபுவித அரக்கும் ஜப்பானிய அரக்கும்: ஆனந்த குமாரசுவாமி விட்டுச்சென்ற கேள்வி

மாத்தளை மாவட்டத்தின் ஹபுவித கிராமத்தில் இன்றும் சில குடும்பங்கள் ஒரு பழைய வேலையைக் கைவிடாமல் செய்துவருகின்றன. தணலில் இளக்கிய அரக்கை நூலாக இழுத்து, மரத்தில் ஒட்டி, விரல் நகத்தால் கிள்ளி வடிவம் போடுகிறார்கள். கைத்தடி, ஓலைச்சுவடியின் மரச்சட்டம், கொடிக்கம்பு என்று சிவப்பும் மஞ்சளும் கறுப்புமாகப் பூத்த இந்த வேலையை, 1908இல் வெளியான இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய நூல் உலகுக்கு அறிமுகப்படுத்தியது. அதை எழுதியவர் ஒரு தமிழர்: கலாயோகி ஆனந்த குமாரசுவாமி.

1877 ஓகஸ்ட் 22இல் கொழும்பில் பிறந்தார். தந்தை சட்டசபை உறுப்பினர் சேர் முத்து குமாரசுவாமி. தாய் ஆங்கிலேயரான எலிசபெத் பீபி. இரண்டு வயதுக்குள் தந்தையை இழந்த குழந்தை இங்கிலாந்தில் வளர்ந்தது. லண்டனில் புவிச்சரிதவியலும் தாவரவியலும் படித்துத் திரும்பியவர், 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் ஆய்வின் பணிப்பாளராக இருந்தார். தோரியனைற்று என்ற கனிமத்தைக் கண்டறிந்ததும் அக்காலத்தில்தான்.

கல்லைத் தேடி மலைநாட்டுக் கிராமங்களில் அலைந்தவரின் கண்ணில் கைவினைஞர்கள் பட்டார்கள். கண்டி இராச்சியத்தில் அவர்களுக்கு மானியக் காணி இருந்தது. அதற்கு ஈடாக அரண்மனைக்கும் விகாரைக்கும் வேலை செய்தார்கள். 1815இல் அரசு வீழ்ந்த பின் அந்த ஆதரவு கரையத் தொடங்கியது. தொழிற்சாலைப் பொருள்கள் சந்தையை நிறைத்தன. கை திறமையை இழந்ததால் அல்ல, அதைத் தாங்கிய சமூக ஏற்பாடு உடைந்ததால்தான் கலை நலிந்தது என்பதே அவர் கண்டுகொண்டது.

முதலாம் உலகப் போரில் பிரித்தானியப் படையில் சேர மறுத்தவர், 1917இல் அமெரிக்காவின் பொஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இந்தியக் கலைப் பகுதியின் பொறுப்பை ஏற்றார். அங்கே புகழ்பெற்ற ஜப்பானியச் சேகரிப்பும் இருந்தது. தேநீர் பற்றிய நூலால் அறியப்பட்ட ஒக்ககுரா ககுசோ, 1913இல் இறக்கும் வரை அதைக் கவனித்தவர். இருவரையும் இணைக்கும் இழையாகச் சகோதரி நிவேதிதை இருந்தார்: ஒக்ககுராவின் நூலுக்கு முன்னுரை எழுதியவர் அவர், அவர் தொடங்கிய புராணக் கதைத் தொகுப்பை, அவரது மறைவின் பின் முடித்தவர் குமாரசுவாமி.

ஜப்பானிய அரக்கும் ஹபுவித அரக்கும் பெயரளவில்தான் ஒன்று. நம்முடையது பூச்சி சுரக்கும் பிசின், சூட்டில் இளகும். அவர்களுடையது உருஷி மரத்தின் பால்; ஈரக் காற்றில் இறுகும். ஒரு பூச்சு இறுகிய பின்பே அடுத்ததைப் பூசுவார்கள். ஆனால் அந்தக் கிண்ணத்தில்தான் ஜப்பானியர் அன்றாடம் சூப் குடிக்கிறார்கள். புழங்கும் பொருளும் கலைப்பொருளும் வேறல்ல என்று குமாரசுவாமி வாழ்நாள் முழுதும் வாதிட்டது இதைத்தான். 1920களில் யனகி சோயெட்சு ஜப்பானில் தொடங்கிய நாட்டார் கைவினை இயக்கமும் ஏறத்தாழ இதே இடத்துக்கு வந்து சேர்ந்தது. 1936இல் டோக்கியோவில் அதற்கென ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது.

குமாரசுவாமி 1947 செப்டெம்பர் 9இல் அமெரிக்காவில் காலமானார். இந்தியா சுதந்திரமடைந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. இலங்கைக்கு இன்னும் ஐந்து மாதங்கள் இருந்தன.

1950இல் ஜப்பான் பண்பாட்டுச் சொத்துகளைக் காக்கும் சட்டத்தை இயற்றியது. பொருளை மட்டுமல்ல, அதைச் செய்யும் அறிவையும் அது சொத்தாகக் கருதியது. 1955 முதல் அரக்கு, மட்பாண்டம், நெசவு வல்லுநர்களை அரசு தனித்தனியே அங்கீகரித்து உதவுகிறது. மக்கள் அவர்களை வாழும் தேசியப் பொக்கிஷங்கள் என்கிறார்கள். அதற்கு மாறாக அந்த வல்லுநர்கள் அடுத்த தலைமுறைக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

கண்டி அரசன் கொடுத்த காணியின் இடத்தை அங்கே ஒரு சட்டம் நிரப்பியது. குமாரசுவாமியின் பெயரில் கொழும்பில் ஒரு வீதி இருக்கிறது. ஹபுவிதவில் நகத்தால் அரக்குக் கிள்ளுபவரின் பிள்ளை அந்தத் தொழிலை நம்பி வாழ என்ன ஏற்பாடு என்ற கேள்வி, அவர் நூல் எழுதி நூறாண்டு கடந்தும் அப்படியே நிற்கிறது.