வைகறையின் மகன் மெம்னோன்

கிரேக்கப் புராணத்தில் அக்கிலிஸை அறிந்த அளவுக்கு நாம் மெம்னோனை அறிந்ததில்லை. ஹோமரின் இலியட்டில் அவன் இடம்பெறாதது அதற்கு ஒரு காரணம். ஒடிசியில் அவனைப் பேரழகன் என்று போகிற போக்கில் குறிப்பிடுவதோடு சரி. அவன் கதையை விரிவாகச் சொன்ன எத்தியோப்பிஸ் என்ற காவியம் அழிந்துபோய், சுருக்கம் மட்டுமே மிஞ்சியது.

அவன் தாய் இயோஸ், வைகறைத் தேவதை. டிராய் நகரத்து இளவரசன் டைத்தோனஸ் மீது காதல்கொண்டு அவனைத் தூக்கிச் சென்றாள். அவனுக்குச் சாகாவரம் வேண்டும் என்று ஜீயஸிடம் கேட்டாள், கிடைத்தது. கூடவே மூப்பில்லாமையையும் கேட்க மறந்துவிட்டாள். டைத்தோனஸ் உடல் தளர்ந்து, கைகால் அசைக்கவும் முடியாமல் முதுமையில் கிடந்தான். இறுதியில் சிள்வண்டாக மாறினான் என்பாரும் உண்டு.

இவர்களுக்குப் பிறந்தவன்தான் மெம்னோன். தாய் சாவில்லாதவள். தந்தை சாக முடியாதவன். மகனோ சாகப் பிறந்தவன்.

எத்தியோப்பியர்களின் அரசனான மெம்னோனுக்கு டிராய் மன்னன் பிரியாம் சிற்றப்பன் முறை. ஹெக்டர் மாண்டபின் டிராய்க்குத் துணையாக அவன் படையோடு வந்தான். அக்கிலிஸின் அன்புத் தோழன் ஆண்டிலோக்கஸைப் போரில் கொன்றான். பழிவாங்க அக்கிலிஸ் எதிரே வந்து நின்றான். அவனும் தீட்டிஸ் என்ற கடல் தேவதையின் மகன். இருவர் அணிந்திருந்த கவசமும் தேவர்களின் கொல்லன் ஹெபஸ்டஸ் செய்தவை. பிறப்பில் ஒருவருக்கொருவர் குறைந்தவர்கள் அல்லர்.

ஜீயஸ் தராசில் இருவரின் விதியையும் நிறுத்தான் என்கிறது கதை. இரண்டு தாய்களும் அருகில் நின்று தத்தம் மகனுக்காக மன்றாடினார்கள். மெம்னோனின் தட்டு தாழ்ந்தது. இயோஸ் மகனின் உடலை ஏந்திச் செல்லும் காட்சியை டூரிஸ் என்ற ஓவியர் சுமார் கி.மு. 490-480இல் ஒரு கிண்ணத்தில் தீட்டினார். அதை இன்றும் பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் காணலாம். அக்கிலிஸும் வெகுநாள் வாழவில்லை. தீட்டிஸும் அழ நேர்ந்தது.

அதிகாலைப் பனித்துளி இயோஸ் மகனுக்காக வடிக்கும் கண்ணீர் என்று ரோமானியக் கவிஞர் ஓவிட் எழுதினார்.

எகிப்தின் லக்சர் நகருக்கு எதிர்க்கரையில் சுமார் 18 மீட்டர் உயரமுள்ள இரண்டு சிலைகள் அமர்ந்திருக்கின்றன. உண்மையில் இரண்டுமே மன்னர் மூன்றாம் அமென்ஹோதெப்பின் சிலைகள். கி.மு. 27இல் நேர்ந்ததாகச் சொல்லப்படும் நிலநடுக்கத்தில் ஒன்று சிதைந்தது. அதன்பின் சூரியன் உதிக்கும் வேளையில் அதிலிருந்து ஓர் ஒலி எழுந்தது. இரவில் குளிர்ந்த கல் வெயிலில் சூடாவதே காரணமாக இருக்கலாம். கிரேக்கர்களோ, தாயைக் கண்டு மெம்னோன் குரல் கொடுக்கிறான் என்றார்கள். கி.பி. 130இல் பேரரசர் ஹேட்ரியனும் அதைக் கேட்கச் சென்றார். பின்னாளில் சிலையைப் பழுதுபார்த்தார்கள். அத்தோடு ஒலி நின்றுபோயிற்று. மெம்னோன் சிலைகள் என்ற பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.