கொள்ளிடக் கரையில் மைசூர் வேங்கை

1782 பிப்ரவரி 18. கும்பகோணத்தை அடுத்த கொள்ளிடக் கரையிலே, கர்னல் பிரெய்த்வெய்ட் எனும் வெள்ளைத் தளபதி, ஏறத்தாழ இரண்டாயிரம் வீரர்களோடு சரணடைந்தான். யாரிடம்? முப்பத்தோரு வயது இளைஞனிடம். ஐதர் அலியின் மகன் திப்புவிடம்!

தோழர்களே, நான் பள்ளியிலே படித்த நாளில் இதை எவரும் சொல்லித் தந்ததில்லை. ஆனால் தஞ்சை உழவன் வேறொன்றை மறக்கவில்லை. 1781-ல் ஐதரின் குதிரைப்படை இந்தக் கழனிகளிலே புகுந்தது. ஊர்கள் எரிந்தன, மாடுகள் ஓட்டிச் செல்லப்பட்டன, மக்கள் பிடித்துச் செல்லப்பட்டனர், நெல் விளைச்சல் படுத்துவிட்டது. ஐதர் கலாபம் என்று பெயரிட்டு அழுதார்கள். அரண்மனையிலே மராட்டிய மன்னர் துளஜா இருந்தார், அவருக்குக் காவலாகக் கும்பினிப் பட்டாளம் இருந்தது. அடிபட்டவன் ஏர் பிடித்தவன்! திப்புவின் வீரத்தைப் பாட வந்தவன் இதை மறைத்தால், அவன் எழுதுகோலைக் கீழே வைத்துவிடலாம்.

திப்பு பிறந்தது 1750-ல், தேவனஹள்ளியில். போர்க்களமே அவனுக்குப் பள்ளிக்கூடம். 1780 செப்டம்பர் 10-ல் காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படை சிதைந்ததே, அங்கே வெள்ளையனின் வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. ராக்கெட் பாய்ந்ததால்தான் என்பர்.

என்ன ராக்கெட்? இரும்புக் குழாய். உள்ளே வெடிமருந்து. பக்கத்திலே கட்டிய மூங்கில் கழி, சிலவற்றிலே வாள். காகிதக் குழாய் தாங்காத அழுத்தத்தை இரும்பு தாங்கியது. ஆகவே அது ஒரு கல் தொலைவுக்கு மேலும் பாய்ந்தது. ஆனால் பாய்ந்த பிறகு அதற்குக் கண் கிடையாது. காற்று திருப்பினால் திரும்பும். கூட்டமாக நின்ற படையைக் கலைக்க அது போதும்; குறிப்பிட்ட ஒன்றைத் தேடி அடிக்கப் போதாது.

1792-ல் பாதி நாட்டையும், மூன்று கோடியே முப்பது லட்சம் ரூபாயையும் கேட்டான் வெள்ளையன். பணம் வரும்வரை இரு பிள்ளைகளைப் பிணையாகவும் கொண்டு சென்றான். 1799 மே 4-ல் சீரங்கப்பட்டணத்துக் கோட்டை உடைந்தது. ஓடவில்லை திப்பு. வாயிலிலே, பிணக்குவியலுக்கிடையே, அவன் உடலைக் கண்டெடுத்தார்கள். எஞ்சிய பிள்ளைகளை வேலூர்க் கோட்டையிலே அடைத்தார்கள்.

ராக்கெட்டுகள் கப்பலேறின. லண்டனை அடுத்த வுல்விச்சிலே காங்கிரீவ் என்பவர் அவற்றைப் பார்த்து வளர்த்தார். 1807-ல் கோபன்ஹேகன் நகரம் எரிந்தது. நம் கொல்லன் அடித்த குழாய், பெயர் மட்டும் காங்கிரீவ்!

1960-களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் வாலப்ஸ் ராக்கெட் நிலையத்துச் சுவரிலே திப்புவின் ராக்கெட் படையை ஓவியமாகக் கண்டார், காவிரிக் கரைத் திருச்சியிலே படித்த அப்துல் கலாம். 1983-ல் அவர் தலைமையிலே தொடங்கிய ஏவுகணைத் திட்டத்தில் பிறந்ததுதான் 'நாக்'. டாங்கியைத் தேடி அடிக்கும் அதற்குக் கண் உண்டு. டாங்கியின் வெப்பத்தைப் பார்த்துக் குறியைப் பற்றிக்கொண்ட பின்னரே கிளம்பும். ஏவியவன் பின்னாலிருந்து ஓட்ட வேண்டியதில்லை. டாங்கியின் தகடு மெலிந்த உச்சியிலே இறங்கும். சங்கிலிச் சக்கர வண்டியிலிருந்து நான்கு கிலோமீட்டர். ஹெலிகாப்டரிலிருந்து ஏவும் 'ஹெலினா' ஏழு கிலோமீட்டர். 2022 ஏப்ரலில் பொக்ரானிலும், பிறகு மலையுச்சிகளிலும் அதைச் சோதித்தார்கள். இடையிலே எத்தனை ஆண்டுகள் பிரான்சின் 'மிலான்' ஏவுகணையை நம்பி இருந்தோம்!

2018-ல், கருநாடகத்தின் ஷிமோகா மாவட்டத்து நகரா எனும் ஊரிலே, பாழ்கிணறு ஒன்றைத் தோண்டினார்கள். திப்புவின் காலத்து ராக்கெட்டுகள் ஆயிரத்துக்கும் மேல் கிடந்தன. துருப்பிடித்த குழாய்களுக்குள்ளே வெடியுப்பும் கரியும் அப்படியே இருந்தன.