குழந்தைகளிடம் பாடம் கேட்ட அம்மையார்

எமது ஊர்களில் மொன்ரிசோரி என்ற சொல்லைக் கேளாதவர் இல்லை. பிள்ளைக்கு மூன்று வயதானதும் தண்ணீர்ப் போத்தலையும் சிறு பையையும் கொடுத்து மொன்ரிசோரிக்குக் கொண்டுபோய் விடுவோம். பாலர் பாடசாலைக்கு மறுபெயராகவே அச்சொல் எம்மிடையே வழங்கி வருகிறது. ஆனால் அது ஓர் அம்மையாரின் பெயர் என்பதும், அவர் சென்னையிலும் கொடைக்கானலிலும் பல ஆண்டுகள் வாழ்ந்தவர் என்பதும், இலங்கைக்கும் வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தவர் என்பதும் எம்மில் பலர் அறியாதவை.

இன்று நாம் வாழும் நாடுகளில் எமது சமூகத்துப் பெண்கள் பலரும், ஆண்கள் சிலரும் பாலர் கல்வி ஆசிரியர்களாகப் பயிற்சி பெற்று வருகிறார்கள். மருத்துவமோ பொறியியலோ கிடைக்காதவர்கள் போகும் வழி அது என்று எமது வீடுகளில் பேசுவாரும் உண்டு. மருத்துவப் பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டே அந்த வழிக்குப் போனவர் மரியா மொன்ரிசோரி அம்மையார். ஆகவே அவரது வாழ்வை இங்கே சுருக்கித் தருகிறோம்.

இளமையும் படிப்பும்

1870ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31ஆம் திகதி, இத்தாலியின் அங்கோனா நகருக்கு அண்மையிலுள்ள கியாரவல்லே என்ற ஊரில் மரியா பிறந்தார். தந்தையார் அலெஸ்ஸாந்த்ரோ நிதி அமைச்சின் உத்தியோகத்தர். தாயார் ரெனில்டே வாசிப்பில் ஈடுபாடு கொண்டவர். மரியாவுக்கு ஐந்து வயதாக இருக்கையில் குடும்பம் ரோம் நகருக்குக் குடிபெயர்ந்தது.

அக்காலத்தில் படித்த பெண்ணுக்குத் தகுந்த தொழில் ஆசிரியத் தொழில் ஒன்றே என்று கருதப்பட்டது. பெற்றோரும் அதையே விரும்பினர். மகளோ அது மட்டும் வேண்டாம் என்றார். ஆண்பிள்ளைகள் படிக்கும் தொழில்நுட்பப் பாடசாலையில் சேர்ந்து கணிதம் கற்றார். முதலில் பொறியியலாளராக எண்ணிப் பின் மருத்துவத்தின் பக்கம் திரும்பினார். தந்தையாருக்கு இதில் உடன்பாடில்லை. தாயார் துணை நின்றார்.

ரோம் பல்கலைக்கழகத்தில் ஆண் மாணவர்களுடன் சேர்ந்து பிரேதங்களை அறுத்துப் படிக்கப் பெண்ணுக்கு அனுமதியில்லை. மற்றவர்கள் வீடு சென்ற பின், மாலை வேளையில் தனியாக நின்று அப்பயிற்சியைச் செய்தார். 1896இல் பட்டம் பெற்று, இத்தாலியின் முதற் பெண் மருத்துவர்களுள் ஒருவரானார்.

பூட்டிய அறையின் பிள்ளைகள்

பட்டம் பெற்றபின் பல்கலைக்கழக மனநோய்ப் பிரிவில் பணியாற்றினார். அப்பணியின் பொருட்டு ரோம் நகரின் மனநோய் விடுதிகளுக்குச் சென்று வந்தபோது, அங்கே பெரியவர்களுடன் சேர்த்து அடைக்கப்பட்டிருந்த பிள்ளைகளைக் கண்டார். அறிவு வளர்ச்சி குறைந்தவர்கள், எதுவும் கற்க இயலாதவர்கள் என்று முத்திரை குத்தப்பட்டவர்கள் அவர்கள். உணவு முடிந்ததும் அப்பிள்ளைகள் தரையில் விழுந்து பாண் துணிக்கைகளைப் பொறுக்குவதைக் காவற்பெண் அருவருப்போடு காட்டினாள். மருத்துவரோ அறையைச் சுற்றிப் பார்த்தார். கையால் தொடுவதற்கோ எடுத்து விளையாடுவதற்கோ அங்கே எந்தப் பொருளும் இல்லை. பிள்ளைகளின் பசி வயிற்றுப் பசி மட்டுமல்ல, கைக்கும் மனத்துக்கும் வேலை தேடும் பசி என்று அவருக்குப் புலப்பட்டது.

இவருக்கு முன்பே பிரான்சில் இட்டார், செகுவேன் என்ற இரு மருத்துவர்கள் இத்தகைய பிள்ளைகளுக்குத் தொட்டுணரும் பயிற்சி மூலம் கற்பிக்க முயன்றிருந்தனர். அவர்களின் நூல்களை மரியா தம் கைப்பட இத்தாலியில் மொழிபெயர்த்துப் படித்தார். 1900இல் ரோமில் இப்பிள்ளைகளுக்கான ஆசிரியர்களைப் பயிற்றும் கல்லூரி ஒன்று ஆரம்பிக்கப்பட்டது. அதனைப் பொறுப்பேற்ற இருவருள் இவர் ஒருவர். பகலெல்லாம் பிள்ளைகளோடு இருந்து, இரவில் தாம் கண்டவற்றை எழுதினார். அவரிடம் கற்ற பிள்ளைகள் சிலர் எழுதப் படிக்கப் பழகி, சாதாரண பிள்ளைகளுக்கான பரீட்சையிலும் சித்தியடைந்தனர். ஊர் வியந்தது. மருத்துவரோ வேறொன்றை எண்ணிக் கவலைப்பட்டார். ஒதுக்கப்பட்ட பிள்ளை இவ்வளவு எட்ட முடியுமானால், நல்ல சுகத்தோடு இருக்கும் பிள்ளைகளைப் பாடசாலைகள் எவ்வளவு கீழே பிடித்து வைத்திருக்கின்றன என்பதே அவர் கவலை.

இக்காலத்தில் அவர் வாழ்வில் மறைவான துயர் ஒன்றும் இருந்தது. உடன் பணியாற்றிய மருத்துவர் மொன்ரெசானோ மூலம் 1898இல் அவருக்கு மரியோ என்ற மகன் பிறந்தான். திருமணம் நடக்கவில்லை. குழந்தை நாட்டுப்புறத்து வளர்ப்புக் குடும்பமொன்றிடம் விடப்பட்டது. உலகத்தின் பிள்ளைகளுக்காக உழைத்தவர் தம் பிள்ளையைத் தம்மோடு வைத்திருக்க இயலாதிருந்தார். பதின்ம வயதில்தான் மரியோ தாயிடம் வந்து சேர்ந்தார்.

சன் லொரென்ஸோவின் சின்ன அறை

ரோம் நகரில் சன் லொரென்ஸோ என்பது ஏழைத் தொழிலாளர் பகுதி. அங்கே கட்டடக் கம்பனி ஒன்று தொடர்மாடி வீடுகளைத் திருத்தி வாடகைக்கு விட்டது. பெற்றோர் வேலைக்குப் போனபின் தனித்துவிடப்பட்ட பிள்ளைகள் சுவர்களையும் படிகளையும் பாழாக்கினர். அவற்றைத் திரும்பத் திரும்பத் திருத்துவதிலும், பிள்ளைகளை ஓர் அறையில் வைத்துப் பார்ப்பது மலிவு என்று கம்பனி கண்டது. கணக்குத் தொழில் செய்யும் எமக்கு இவ்விடத்தில் ஒரு புன்சிரிப்பு வருகிறது. உலகை மாற்றிய பாலர் பாடசாலை ஒரு செலவுக் கணக்கில் பிறந்தது.

1907 ஜனவரி 6ஆம் திகதி குழந்தைகள் இல்லம் என்ற பெயரில் அது திறக்கப்பட்டது. சுமார் 50 பிள்ளைகள். பார்த்துக்கொள்ள வந்தவள் கட்டடக் காவலாளியின் மகள். ஆசிரியப் பயிற்சி பெறாதவள். பிள்ளைகள் தாமே தூக்கக்கூடிய சின்ன மேசை கதிரைகள், கைக்கு எட்டும் உயரத்தில் அலுமாரி, விடுதிப் பிள்ளைகளுக்காகச் செய்த மரப்பொருட்கள் ஆகியவற்றை அம்மையார் அங்கே வைத்தார். பின்பு பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று வயதளவான சிறுமி ஒருத்தி மர உருளைகளை அவற்றுக்குரிய குழிகளில் பொருத்தி எடுத்துக்கொண்டிருந்தாள். சுற்றிலும் மற்றப் பிள்ளைகளைப் பாடவும் ஆடவும் வைத்தார்கள். அவள் நிமிரவில்லை. கதிரையோடு தூக்கி மேசைமேல் வைத்தார்கள். உருளைகளை மடியில் அணைத்துக்கொண்டு தொடர்ந்தாள். நாற்பது முறைக்கு மேல் செய்தபின், நல்ல நித்திரையால் எழுந்தவள்போல் மலர்ந்த முகத்தோடு நிறுத்தினாள். சின்னப் பிள்ளைக்குக் கவனம் நிற்காது என்ற பழைய எண்ணம் அன்று ஆட்டம் கண்டது.

இன்னொரு நாள் அம்மையார் கைக்குட்டையால் மூக்கைச் சிந்துவது எப்படி என்று காட்டினார். பிள்ளைகள் கைதட்டி ஆரவாரித்தனர். மூக்கு வடிகிறது என்று எல்லோரும் ஏசியிருந்தனர். ஏசாமல் எவரும் காட்டிக் கொடுத்திருக்கவில்லை.

அவரது பொருட்களின் நுட்பத்தைச் சிறிது சொல்ல வேண்டும். உருளை தனக்குரிய குழியில்தான் சரியாகப் பொருந்தும். ஒன்று மாறினால் கடைசியில் ஒன்று மிஞ்சும். ரீச்சர் பிழை என்று சொல்லத் தேவையில்லை. பரீட்சை மீதி பொருந்தாவிட்டால் எங்கோ பிழையென்று கணக்கே சொல்லிவிடுவது போன்றது இது. எண்ணுக்கு மணிகள்: ஒரு மணி, பத்து மணிக் கோல், நூறு மணிச் சதுரம், ஆயிரம் மணிக் கனம். ஆயிரம் என்றால் எவ்வளவு என்பதைப் பிள்ளை கையில் ஏந்திப் பார்க்கலாம். எழுத்துக்கு, அரத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகள். பிள்ளை அவற்றை விரலால் தடவி, அதன் ஒலியையும் சொல்லும். விஜயதசமியன்று ஏடு தொடக்கும்போது பிள்ளையின் விரலைப் பிடித்துப் பச்சையரிசியில் அகரம் எழுதுவிக்கும் எமக்கு இது அந்நியமானதல்ல. கண்ணுக்கு முன் விரல் கற்கிறது.

ஆசிரியர் ஆவது எவ்வாறு

1909இல் இவற்றையெல்லாம் நூலாக எழுதினார். அது விரைவில் பல மொழிகளில் வெளிவந்தது. 1913இல் ரோமில் நடத்திய முதலாவது சர்வதேசப் பயிற்சிக்குப் பல நாடுகளிலிருந்தும் ஆசிரியர்கள் வந்தனர்.

வந்தவர்களுக்கு அவர் வைத்த முதற் பயிற்சி, பேசாமல் இருந்து பார்ப்பது. எந்தப் பிள்ளை எதை எடுக்கிறது, எவ்வளவு நேரம் வைத்திருக்கிறது, எங்கே நிறுத்துகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். இந்தப் பிள்ளை மந்தம், அந்தப் பிள்ளை குழப்படி என்ற தீர்ப்பு அக்குறிப்பில் வரக்கூடாது. அடுத்தது, இடத்தைப் பிள்ளைக்கு ஏற்றவாறு ஒழுங்கு செய்வது. அதன்பின் குறைந்த சொற்களில் காட்டிக்கொடுத்து விலகி நிற்பது. எல்லாவற்றிலும் கடினமாக அவர் சொன்னது, ஆசிரியர் தமது கோபத்தையும் கர்வத்தையும் முதலில் களைய வேண்டும் என்பது.

அவர் முறையில் குறை காண்போரும் உண்டு. கற்பனை விளையாட்டுக்கு அவர் போதிய இடம் தரவில்லை என்பது பல கல்வியாளரின் கருத்து. ஆனால் ஒவ்வொரு பிள்ளையையும் அதனதன் வேகத்தில் விடவேண்டும் என்பதும், பிள்ளை உயரத்தில் பொருட்களை வைப்பதும், கவனித்துக் குறிப்பெழுதுவதும் இன்று எந்தப் பாலர் நிலையத்திலும் காணக்கூடியவை.

அடையாறும் கொடைக்கானலும்

இத்தாலியில் முசோலினி அரசு 1924 முதல் அவரது பாடசாலைகளை ஆதரித்தது. அவரும் அந்த ஆதரவை ஏற்றார். பிள்ளைகளைப் போருக்குத் தயாரிக்கும் அரசோடு அது நெடுங்காலம் ஒத்துவரவில்லை. 1934இல் உறவு முறிந்து அவர் நாட்டை விட்டு நீங்கினார். ஜேர்மனியில் நாசிகள் அவரது பாடசாலைகளை மூடினர். 1936இல் ஸ்பானிய உள்நாட்டுப் போர் மூண்டதும் பார்சலோனாவை விட்டும் ஓடினார். ஒல்லாந்து அடைக்கலம் தந்தது.

1939இல், தமது 69ஆவது வயதில், பிரம்மஞான சபைத் தலைவர் ஜோர்ஜ் அருண்டேலின் அழைப்பை ஏற்று மரியோவுடன் சென்னை அடையாறுக்கு வந்தார். அருண்டேலின் துணைவியார்தான் கலாக்ஷேத்திராவை நிறுவிய ருக்மிணி தேவி. முதற் பயிற்சிக்குச் சுமார் 300 பேர் வந்தனர். அம்மையார் இத்தாலி மொழியில் பேச, மரியோ ஆங்கிலத்தில் சொன்னார்.

1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியது. பிரித்தானிய இந்திய அரசு மரியோவை எதிரி நாட்டவர் என்று தடுப்பு முகாமில் அடைத்தது. அம்மையார் அடையாறு வளவுக்குள் கட்டுப்படுத்தப்பட்டார். ஆகஸ்ட் 31 அவரது எழுபதாவது பிறந்த நாள். அன்று வந்த பரிசு மகனின் விடுதலை. அதுவரை உறவுப் பிள்ளை, வளர்ப்பு மகன் என்றே உலகறிந்த மரியோ, அவ்விடுதலைச் செய்தியில் மகன் என்றே குறிப்பிடப்பட்டார். ஒரு தாய் நாற்பது வருடங்களாகச் சொல்லமுடியாதிருந்த சொல்லை அரசாங்கத் தந்தியொன்று சொன்னது.

1942 முதல் 1944 வரை கொடைக்கானலில் வாழ்ந்து, பல வயதுப் பிள்ளைகளை ஒன்றாக வைத்துப் படிப்பித்தார். பெரிய பிள்ளை சின்னதற்குக் காட்டிக்கொடுப்பதும், அதனாலேயே தானும் தெளிவதும் அங்கே நன்கு விளங்கின. அப்பணியில் துணை நின்றவர்களுள் இலங்கையரான லீனா விக்கிரமரத்னவும் ஒருவர். 1944இல் அம்மையார் இலங்கைக்கும் வந்தார். இந்தியாவில் அவரிடம் பயின்றோர் ஆயிரத்துக்கும் அதிகம். எமது ஊர்ப் பெயர்ப்பலகைகளின் வேர் இங்கேதான் உள்ளது.

போர் முடிந்தபின் 1946இல் ஐரோப்பா திரும்பினார். மீண்டும் இந்தியா வந்தார். அவரது புகழ்பெற்ற பிற்கால நூல் 1949இல் அடையாற்றிலேயே அச்சானது. சமாதான நோபல் பரிசுக்கு மூன்று முறை பெயர் பரிந்துரைக்கப்பட்டும் கிடைக்கவில்லை. 1952 மே 6ஆம் திகதி ஒல்லாந்தின் நோர்ட்வெய்க் ஊரில் காலமானார். பிற்காலத்தில் இத்தாலியின் 1000 லீரா நோட்டில், யூரோ வரும் வரை, அவர் முகம் இருந்தது.

எமக்கு உரியது

இவ்வாழ்வில் எமது குடும்பங்களுக்கு இரண்டு செய்திகள் உண்டு. எமது பிள்ளைகள் தமிழ் மட்டும் அறிந்து பாலர் நிலையத்துக்குப் போகிறார்கள். முதல் மாதங்களில் வாய் திறக்காத பிள்ளையைக் கண்டு நாம் பயந்து, வீட்டிலும் தமிழை நிறுத்திவிடுகிறோம். அது தேவையில்லை. ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளை சூழலிலிருந்து மொழியைத் தானாகவே உறிஞ்சும் என்பது அம்மையார் கண்டது. தாய்மொழி நன்கு வேரூன்றினால் மற்ற மொழிக்கும் அது துணையாகும் என்பதை இன்றைய அறிஞர்களும் பரவலாக ஏற்கின்றனர். பேசாத பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கிறது.

இரண்டாவது சற்றுக் கசப்பானது. வளர்ச்சியில் வேறுபட்ட பிள்ளையை எம்மவரில் சிலர் கோயிலுக்கும் கூட்டிவருவதில்லை. யார் என்ன சொல்வார்களோ என்ற அச்சம். அம்மையாரின் பொருட்கள் முதலில் பூட்டிய அறையிலிருந்த பிள்ளைகளுக்கென்றே செய்யப்பட்டவை. உலகின் எல்லாப் பிள்ளைகளுக்கும் அவர்கள் வழியாகவே அவை கிடைத்தன. அப்படிப்பட்ட பிள்ளையை வீட்டில் மறைத்து வைத்தால் அது மட்டுமல்ல, எமது மற்றப் பிள்ளைகளும் இழப்பார்கள்.

பாலர் கல்வி படிக்கும் எமது பிள்ளைகளே, உங்கள் தொழில் சிறியதென்று எவரும் சொன்னால் கவலைப்பட வேண்டாம். தமிழும் இந்நாட்டு மொழியும் அறிந்த ஓர் ஆசிரியர் வாசலில் நிற்கும்போது, அழுதுகொண்டு வரும் சின்னப் பிள்ளைக்கும் அதைவிடப் பயந்து நிற்கும் தாய்க்கும் அது எத்தகைய ஆறுதல் என்பதை நாம் அறிவோம். பெற்றோரே, உங்கள் மகளோ மகனோ இவ்வழியைத் தேர்ந்தால் மறிக்காதீர்கள். இந்த வழிக்கு ஆட்கள் வேண்டும்.