அந்தோன் செகாவும் பழைய கோட்டும்

கலாசாலை விழா நாட்களில் ஒற்றையாளாய் மேடையேறி, கையில் ஒரு குடையையோ கடிதத்தையோ பிடித்துக்கொண்டு, கால்மணி நேரம் தனியே பேசிச் சபையோரை நகைப்பிக்கும் மாணவர்களை நாம் கண்டிருக்கிறோம். அப்பொருளை ஆட்டியும் அசைத்தும் காட்டுவதே அபிநயமென்று அவருட் பலர் கருதுவர். வீட்டிலும் வீதியிலும் கிடக்கும் சாமானியப் பொருளொன்றை நடுவே வைத்து ஒரு மனிதனைப் பேசச் செய்யும் வித்தையிலே தேர்ந்தவர் ருஷிய நாட்டு அந்தோன் செகாவ். அப்பொருள்களை அவர் எங்கிருந்து பெற்றார், நடிப்போர் அவற்றை எவ்வாறு கொள்ளவேண்டுமென விரும்பினார் என்பவற்றை அறிய அவருடைய வாழ்க்கையையே நோக்குதல் வேண்டும்.

அஸாவ் கடற்கரையிலுள்ள தகன்ரோக் என்னும் துறைமுகப் பட்டினத்தில், ருஷியரின் பழைய பஞ்சாங்கப்படி 1860ஆம் வருஷம் ஜனவரி 17ஆம் தேதி செகாவ் பிறந்தார். அவர் பாட்டனார் பண்ணையடிமையாயிருந்து, 1841ல் பொருள் கொடுத்துத் தம் குடும்பத்தை மீட்டுக்கொண்டவர். தகப்பனார் பாவெல் தேயிலை, சர்க்கரை, காப்பி முதலிய பலசரக்குகளை விற்கும் மளிகைக்கடை ஒன்றை நடத்திவந்தார். கண்டிப்பு மிக்கவர், பிரம்படிக்கு அஞ்சாதவர் அவ்வீட்டில் இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்த சிறுவன் அந்தோன், குளிரில் விரல் விறைக்கக் கடையிலமர்ந்து பாடமும் படிக்கவேண்டும், சரக்கும் காக்கவேண்டும். வாங்க வந்தவர் பேரம் பேசுவதையும் வம்பளப்பதையும் கேட்டுக்கேட்டு, மனிதர் ஒரு பொருளைப் பற்றிப் பேசுங்கால் உண்மையில் எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பதை அவர் அங்கேதான் அறியத் தொடங்கினார் என்று நினைக்கிறோம்.

1876ல் அக்கடை முறிந்தது. கடன்காரருக்கு அஞ்சிப் பாவெல் மாஸ்கோவுக்கு ஓடினார். குடும்பத்தாரும் பின் சென்றனர். அவர்கள் வீட்டிலேயே குடியிருந்த நண்பர் ஒருவர், உதவி செய்வார் என்று நம்பப்பட்டவர், அவ்வீட்டைத் தமதாக்கிக்கொண்டார். பதினாறு வயதுப் பிள்ளை மட்டும் படிப்பை முடிக்கும் பொருட்டுத் தனியே நின்றான். பிறர் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லிக்கொடுத்தும், எஞ்சிய தட்டுமுட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாய் விற்றும், மாஸ்கோவிலிருந்த தாய்தந்தையர்க்குப் பணம் அனுப்பினான். தாய் புழங்கிய பாத்திரத்தை அந்நியன் கையில் விலைக்குக் கொடுப்பவனுக்கு அது வெறும் பாத்திரமாகத் தோன்றுமோ?

1879ல் மாஸ்கோ சேர்ந்து வைத்தியம் பயின்று, 1884ல் பட்டம் பெற்றார். இதற்கிடையே குடும்பத்தைத் தாங்குதற்காக அந்தோஷா செகோந்தே என்னும் புனைபெயரால் ஹாஸ்யப் பத்திரிகைகளுக்குச் சிறு கதைகளை எழுதிக் குவித்தார்.

1886ஆம் வருஷம் நம் விஷயத்துக்கு முக்கியமானது. அவ்வருஷம் ஜனவரியில், மகனை இழந்த கிழ வண்டிக்காரன் ஒருவன் தன் துயரைக் கேட்பாரின்றி, இறுதியில் தன் குதிரையிடமே சொல்லி ஆறுவதாகிய கதை பீட்டர்ஸ்பர்க் பத்திரிகையொன்றில் வெளிவந்தது. மறுமாதமே அதே பத்திரிகையில், புகையிலையின் தீமைகளைப் பற்றிய உபந்நியாசமாக அமைந்த தனிமொழி நாடகமொன்று வந்தது. இரண்டரை மணி நேரத்தில் அதனை எழுதிக் கெடுத்துவிட்டதாக நண்பர் ஒருவருக்கு அவரே எழுதினார். அவ்வளவாக அவர் பிழை சொல்லவில்லை; முதல் வடிவத்தில் அது நகைப்புக்கெனச் செய்த விளையாட்டேயாகும். ஆயினும் கேட்பாரற்ற கிழவனும், கேட்போர் நிறைந்த சபையில் சொல்ல வேண்டியதைச் சொல்லமாட்டாத உபந்நியாசகனும் ஒரே மாதத்து இடைவெளியில் ஒரே எழுதுகோலினின்று பிறந்தமை கருதத்தக்கது.

அதன்பின், 1888ல் மேடையேறிய ‘அன்னத்தின் கீதம்’ என்னும் ஓரங்க நாடகத்தில், யாவரும் சென்றபின் நள்ளிரவில் கிழ நடிகன் ஒருவன் கையில் மெழுகுவர்த்தியோடு வெற்று நாடகசாலைக்குள் வருகிறான். அவ்வொளி எட்டாத இருளைக் கண்டு, தன் வாழ்நாளெல்லாம் தன்னை விழுங்கிய பள்ளம் அதுவென உணர்கிறான். மறுவருஷம் எழுதிய வேறொரு சிறு நாடகத்தில், கோடைக்காலத்துக் கிராமவீட்டில் குடும்பத்தை வைத்துவிட்டு நகரத்தில் உத்தியோகம் பார்க்கும் தொல்கச்சோவ் என்பவன், விளக்கின் கண்ணாடிக் கூண்டு, குழந்தையின் விளையாட்டுச் சைக்கிள், தொப்பிப் பெட்டிகள், துணிமூட்டை, பீர்ப் புட்டிகள் யாவற்றையும் சுமந்துகொண்டு நண்பன் வீட்டுக்குள் நுழைந்து, தற்கொலை செய்துகொள்ளத் துப்பாக்கி கேட்கிறான். மனைவியும் அயலாரும் நாள்தோறும் வாங்கிவரச் சொல்லும் பொருள்களின் ஜாபிதாவே அவன் பேச்சு முழுவதும். அவ்வளவையும் கேட்டு இரங்கிய நண்பன், அதே ஊருக்கு ஒரு தையல் இயந்திரத்தையும் கூண்டோடு ஒரு பறவையையும் கொண்டுபோகச் சொல்கிறானே, அந்த இடத்தில் சிரியாதவர் இலர். அம்மூட்டைகளைச் சுமந்து வருபவன் உண்மையாகவே களைத்தவனாயிருந்தால்தான் அச்சிரிப்பு பிறக்கும். கோமாளியைப்போல் தள்ளாடினால் பிறவாது.

1890ல் செகாவ் சைபீரியாவைக் கடந்து சகாலின் தீவுக்குச் சென்று, அங்கிருந்த கைதிகளின் நிலையை ஆயிரக்கணக்கான அட்டைகளில் குறித்தெழுதினார். திரும்புகையில் கொழும்பிலும் கண்டியிலும் சின்னாள் தங்கினார். இலங்கையில் வாங்கிய கீரிகளோடு மாஸ்கோ சேர்ந்தார் என்பது ஒரு வேடிக்கை. பின்னர் மெலிகோவோவில் நிலம் வாங்கிக் குடியேறி, காலரா அச்சம் பரவிய 1892ல் 25 கிராமங்களுக்கு ஊதியமின்றி வைத்தியம் பார்த்தார். 1897ல் நுரையீரலினின்று இரத்தம் பெருகவே, பல்லாண்டாய் அவர் மறைத்துவந்த க்ஷயரோகம் வெளிப்பட்டது. தென்கரையிலுள்ள யால்டாவில் வாழவேண்டியதாயிற்று.

நடிகர்க்கு அவர் கற்பித்த முறை விசித்திரமானது. விளக்கம் கேட்டால் பொருளொன்றைச் சொல்லி நிறுத்திவிடுவார். ‘கடற்பறவை’ நாடகத்தில் புகழ்பெற்ற எழுத்தாளனாக நடித்த ஸ்தனிஸ்லாவ்ஸ்கி, வெண்ணிற உடையில் நாகரிக புருஷராய்த் தோன்றினார். செகாவ் நடிப்பைப் பாராட்டிவிட்டு, அவனுக்குக் கட்டம்போட்ட காற்சட்டையும் ஓட்டை விழுந்த ஜோடும் வேண்டுமென்று மட்டும் கூறினார். ஓராண்டுக்கு மேலான பின்னரே ஸ்தனிஸ்லாவ்ஸ்கிக்கு அது விளங்கிற்று: எழுத்தாளன்மேல் பித்துக்கொண்ட இளம்பெண், கிழிந்த ஜோட்டைக் காணவில்லை, தன் கனவையே காண்கிறாள். ‘வான்யா மாமா’வை நாட்டுப்புறப் பண்ணைக்காரனாக உடுத்த முயன்றபோதோ செகாவுக்குக் கோபம் வந்தது. அவன் கழுத்தில் நேர்த்தியான பட்டு டை இருக்கிறது என்றார். வீணாய்ப்போன ஒரு சீரிய வாழ்வு முழுவதும் அந்த டையில் அடங்கியிருந்தது.

1901ல் நடிகை ஓல்கா க்னிப்பெரை மணந்தார். மனைவி மாஸ்கோ மேடையில். கணவர் யால்டாவில், இருமலோடு தனிமையில். அந்நிலையில் 1902ஆம் வருஷ இலையுதிர்காலத்தில், பதினாறு வருஷங்களுக்குமுன் எழுதிய புகையிலை உபந்நியாசத்தை எடுத்து முற்றும் புதிதாக எழுதினார். தலைப்பும் பாத்திரத்தின் பெயருமே பழையன என்று வெளியீட்டாளருக்குத் தெரிவித்தார்.

புதிய வடிவில் நியூகின் மனைவியின் கட்டளைப்படி தர்மகாரியத்துக்காகப் பேச வருகிறான். தானே புகைபிடிப்பவன். மனைவி பெண்களுக்குச் சங்கீதப் பள்ளியும் விடுதியும் நடத்துகிறாள். அங்கே எடுபிடி வேலை யாவும் அவனுடையது. தனக்குப் பெண்மக்கள் ஏழா ஆறா என்று ஒரு கணம் தடுமாறுகிறான். புகையிலையினின்று விலகி விலகி, எங்கேனும் ஓடிப்போய் வெளியில் ஒரு மரமாகவோ கம்பமாகவோ நிலவின்கீழ் நின்று யாவற்றையும் மறக்கவேண்டும் என்னும் ஆசை வாய்விட்டு வந்துவிடுகிறது. உடனே, முப்பது வருஷங்களுக்குமுன் மணநாளில் அணிந்த அதே கோட்டைக் கழற்றித் தரையிலெறிந்து மிதிக்கிறான். உள்ளிருக்கும் சட்டையின் நைந்த முதுகைச் சபைக்குக் காட்டுகிறான். அத்தருணத்தில் திரைமறைவில் மனைவி வந்து நிற்பது தெரிகிறது. கோட்டை எடுத்து மாட்டிக்கொள்கிறான்; புகையிலையின் தீமையைச் சொல்லி முடித்து, வணங்கி, கம்பீரமாக வெளியேறுகிறான்.

இதனை நடிப்போர் பலர் மிதிக்கும் இடத்திலேயே தம் ஆற்றலையெல்லாம் செலவிடுவர். அங்குக் கைதட்டல் எளிதிற் கிடைக்கும். நாடகத்தின் உயிர்நிலை மிதித்த கோட்டை மீண்டும் அணியும் இடமே என்பது எமது துணிபு. புழுதியைத் தட்டுவதற்கும் அவனுக்கு நேரமில்லை. முப்பது வருஷத்து வாழ்வையும் ஒருகணத்தில் மறுபடி மேற்கொள்வதை அக்கைகள் செய்யவேண்டும், வாய் புகையிலையையே பேசவேண்டும். இரண்டையும் ஒருங்கே செய்பவன் அரியன்.

செகாவின் இறுதி நாடகமாகிய ‘செர்ரித் தோட்டம்’ அவர் பிறந்த நாளாகிய 1904 ஜனவரி 17ல் மாஸ்கோவில் அரங்கேறியது. அதில் கடனில் மூழ்கி, பிறந்த வீடே ஏலத்துக்குப் போகும் நிலையிலுள்ள கயேவ் என்னும் பிரபு, நூறு வயதான புத்தக அலமாரியைக் கண்டு, அதன் சேவையைப் புகழ்ந்து கண்ணீர் மல்கப் பிரசங்கம் செய்கிறான். சூழ நின்றோர் கூசுகின்றனர். கடனைப்பற்றி அவனால் பேச முடியவில்லை. அலமாரியைப்பற்றிப் பேச முடிகிறது. தகன்ரோக் வீட்டுச் சாமான்களை விற்ற சிறுவனுக்கு அப்பிரசங்கத்தின் மடமையும் துயரமும் ஒருங்கே தெரிந்திருந்தன. அதனாலேயே அவர் அந்நாடகத்தை இன்பியல் என்றார். ஸ்தனிஸ்லாவ்ஸ்கியோ துன்பியலாகக் கொண்டு அழவைத்தார். இவ்வழக்கில் ஆசிரியர் பக்கமே நாம் நிற்போம், சபை அழுவதைத் தடுக்க முடியாதெனினும்.

அவ்வருஷம் கோடையில் ஜெர்மனியிலுள்ள பாடன்வைலருக்குச் சிகிச்சைக்காகச் சென்ற செகாவ், பழைய பஞ்சாங்கப்படி ஜூலை 2ஆம் தேதி, தமது 44ஆம் வயதில் உயிர் நீத்தார். உடலை மாஸ்கோவுக்குக் கொண்டுவந்த ரயில்வண்டி, சிப்பிகளைக் குளிரில் வைத்து ஏற்றிச்செல்வதற்கென அமைந்தது. அதனைக் கண்டு நண்பர் கார்க்கி கொதித்தார். உள்ளே கிடந்தவர் அப்பெட்டியின் பெயரைப் படித்திருந்தால், பையிலிருந்த சிறு குறிப்புப் புத்தகத்தை எடுத்திருப்பார் என்றே எமக்குத் தோன்றுகிறது.