ஹெர்மன் மின்கோவ்ஸ்கி

ஐன்ஸ்டைனின் பெயரை அறியாத மாணவர் நம் கல்லூரியில் இலர். அவருக்குக் கணிதம் கற்பித்த ஆசிரியருள் ஒருவராகிய மின்கோவ்ஸ்கியை அறிந்தோர் சிலரே. மாணாக்கர் எழுதிய கட்டுரையைப் பின்னாளில் ஆசிரியரே கற்று, எழுதியவரும் காணாத பொருளை அதனுட் கண்ட வரலாறு இது.

ஹெர்மன் மின்கோவ்ஸ்கி 1864ஆம் ஆண்டு ஜூன் மாதம் 22ஆம் நாள், அக்காலத்து ருஷிய சக்கரவர்த்தியின் ஆட்சிக்குட்பட்டிருந்த அலெக்ஸோட்டாஸ் என்னும் ஊரில் யூதக் குடும்பமொன்றிற் பிறந்தார். இன்று அவ்வூர் லித்துவேனியா நாட்டின் கௌனஸ் நகரோடு சேர்ந்துள்ளது. அவர் சிறுவராயிருக்கையிலேயே பெற்றோர் ஜெர்மானிய நகரமாகிய கோனிக்ஸ்பர்க்கிற் குடியேறினர். நீரிழிவு நோய்க்கும் கணையத்திற்கும் உள்ள தொடர்பை 1889இல் மற்றோர் அறிஞருடன் கூடி வெளிப்படுத்திய ஆஸ்கார், இவருடைய தமையனாரே. ஒரு வீட்டில் இத்தகையோர் இருவர் தோன்றுதல் அரிது.

ஓர் எண்ணை ஐந்து வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக எத்தனை வகையில் எழுதலாகும் என்னும் வினாவைப் பாரிஸ் நகரத்துச் சாஸ்திர சங்கத்தார் பரிசுக்குரியதாக விடுத்தனர். மின்கோவ்ஸ்கி விடை வரைந்து, பிரெஞ்சு மொழியில் இருத்தல் வேண்டும் என்ற விதியையும் பாராது ஜெர்மன் மொழியிலேயே அனுப்பிவிட்டார். 1883இல் அப்பரிசு அவருக்கும், அதற்கு முன்னரே காலஞ்சென்ற ஆக்ஸ்போர்டுப் பேராசிரியர் ஹென்றி ஸ்மித்துக்குமாகப் பகிர்ந்தளிக்கப்பட்டது. அப்போது மின்கோவ்ஸ்கிக்கு வயது பதினெட்டு. நம்மிற் பலர் அவ்வயதைக் கடந்துவிட்டோம்!

பான் நகரத்தும் கோனிக்ஸ்பர்க்கிலும் கற்பித்தபின், 1896இல் சூரிச் நகரத்துப் பாலிடெக்னிக் கலாசாலையை அடைந்தார். அவ்வாண்டிலேயே அங்கு மாணவராகச் சேர்ந்தவர் ஐன்ஸ்டைன். அவ்விளைஞர் வகுப்புக்கு ஒழுங்காக வருவதில்லை. தேர்வு நெருங்கினால் கிராஸ்மன் என்னும் நண்பரின் குறிப்புகளைக் கொண்டு கற்பார். ஆசிரியர் அவரைச் சோம்பேறியென்றே மதித்திருந்தார். வகுப்பறையில் தோன்றும் மதிப்பு எவ்வளவு பொய்க்கும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

1902இல் தம் இளமைத் தோழர் ஹில்பர்ட்டின் முயற்சியால் மின்கோவ்ஸ்கி கோட்டிங்கன் சர்வகலாசாலைக்குச் சென்றார். மூன்றாண்டுகளின் பின், 1905இல், ஐன்ஸ்டைனின் சார்புக் கொள்கை வெளிவந்தது. ஒளியின் வேகம், அளப்பவர் எவ்வாறு இயங்கினும், விநாடிக்கு ஏறக்குறைய 1,86,000 மைலே. ஆதலின் ஒருவரையொருவர் நோக்க இயங்குவோருக்குக் காலமும் நீளமும் ஒன்றாயிரா என்பது அதன் கருத்து. யாவும் வேறுபடுமாயின் மாறாதது யாது? இவ்வினாவையே மின்கோவ்ஸ்கி எடுத்துக்கொண்டார்.

தொடக்கக் கணக்கொன்றால் இதனை விளக்குவோம். பூமியிலிருந்து, ஒளி மூன்று நிமிஷத்திற் கடக்கும் தூரத்தில் ஒரு நிலையம் உளதெனக் கொள்க. ஒளியின் வேகத்தில் ஐந்தில் மூன்று பங்கு வேகத்தோடு ஒரு கலம் அங்குச் செல்கின்றது. பூமியிலுள்ளார் கணக்கில் ஐந்து நிமிஷம் ஆகும். கலத்திலுள்ள கடிகாரம் எவ்வளவு காட்டும்? புதிதாகக் கற்போர், பெருக்குவதா வகுப்பதா என மயங்கி, ஆறேகால் நிமிஷம் என எழுதிவிடுவர்.

ஒரு வயலின் இரு மூலைகளுக்கு இடைப்பட்ட தூரத்தை இருவர் வெவ்வேறு திசையிற் கோடிட்டு அளக்கலாம். அவர்கள் காணும் நீளமும் அகலமும் வேறாயினும், அவற்றின் வர்க்கங்களைக் கூட்டினால் ஒரே தொகை வரும். மின்கோவ்ஸ்கி இவ்விதியிற் காலத்தையும் ஓர் அளவாகச் சேர்த்து, கூட்டற்குறியைக் கழித்தற்குறியாக மாற்றினார். நம் கணக்கிற் காலத்தின் வர்க்கம் 25, தூரத்தின் வர்க்கம் 9, கழிக்க 16, அதன் மூலம் 4. கலத்திலுள்ளவன் தான் அமர்ந்த இடத்தைவிட்டுப் பெயர்ந்தானல்லன். அவனுக்குத் தூரம் சூனியம். ஆகவே 16இல் ஒன்றும் கழியாது, அவன் கடிகாரம் நான்கு நிமிஷமே காட்டும். காலத்தில் இருவரும் மாறுபட்டனர், தூரத்திலும் மாறுபட்டனர், 16இல் ஒன்றுபட்டனர். பெருக்குவதா வகுப்பதா என்னும் ஐயத்திற்கு இங்கே இடமில்லை. இளமையில் வர்க்கங்களைக் கூட்டிப் பரிசு பெற்றவருக்கு இது புலப்பட்டது வியப்பன்று.

1908ஆம் ஆண்டு செப்டம்பர் 21ஆம் நாள் கொலோன் நகரில் இதனைச் சொற்பொழிவாக நிகழ்த்தினார். காலமும் இடமும் தனித்தனிப் பொருளல்ல, காலவெளி என்னும் ஒன்றன் இரு கூறுகளே என்பது அப்பொழிவின் சாரம். ஐன்ஸ்டைனோ இதனை வேண்டாத கணித ஆடம்பரமென்றே முதலிற் கருதினார்.

நான்கு திங்களும் நிரம்பவில்லை. குடல்வால் அழற்சியால் 1909ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள் மின்கோவ்ஸ்கி உயிர் நீத்தார், வயது நாற்பத்துநான்கு. மனைவியும் பெண்மக்கள் இருவரும் அவரை இழந்தனர். அவர் எழுத்துக்களைத் திரட்டி 1911இல் வெளியிட்டவர் ஹில்பர்ட். ஈர்ப்பு விசையை ஆராயப் புகுந்த ஐன்ஸ்டைனுக்கு, தாம் இகழ்ந்த காலவெளியின்றி ஓரடியும் செல்ல இயலவில்லை. 1916இல் வெளியிட்ட தம் பெருங்கட்டுரையின் முகப்பிலேயே மின்கோவ்ஸ்கிக்குத் தாம் பட்ட கடனை அவர் எழுதினார். ஆசிரியர் மறைந்து அப்போது ஏழாண்டுகள் ஆகியிருந்தன.