கணக்குக்குத் தமிழ்ச் சொல் தேடிய தொரப்பள்ளிக்காரர்: ராஜாஜியின் இன்னொரு முகம்

கோடு, கோட்டுத்துண்டு, கதிர். பள்ளிக் கணக்குப் புத்தகத்தில் படித்தது ஞாபகம் இருக்கா? கதிர் ஒரு புள்ளியில் தொடங்கி, ஒரே திசையில் முடிவில்லாமல் போகும். அதனால் பெயர் எழுதும்போது தொடக்கப் புள்ளிதான் முதலில் வரும். ‘ஏபி’ கதிர் வேற, ‘பிஏ’ கதிர் வேற. சூரியக் கதிரைப் பார்த்த பிள்ளைக்குப் பாதிப் பாடம் பெயரிலேயே புரிந்துவிடும்.

இப்படிச் சொற்கள் வேண்டும் என்று 1916-லேயே சேலத்தில் சங்கம் தொடங்கியவர் ராஜாஜி.

யார் இவர்?

1878 டிசம்பர் 10-ல் ஓசூர் அருகே தொரப்பள்ளியில் பிறந்தார். ஊர் அப்போது சேலம் மாவட்டம். 1965-ல் தருமபுரி மாவட்டத்துக்குப் போனது. 2004 முதல் கிருஷ்ணகிரி மாவட்டம். ஓசூர், பெங்களூரு, சென்னையில் படித்து, 1900-ல் சேலத்தில் வக்கீல் ஆனார்.

என்ன செய்தார்?

உயர்நிலைப் பள்ளிகளில் அப்போது கணக்கும் அறிவியலும் ஆங்கிலத்தில்தான். தமிழில் நடத்தலாமே என்றால், சொல் எங்கே என்ற கேள்வி வரும். அதற்காகத்தான் வெங்கடசுப்பையருடன் சேர்ந்து தமிழ்க் கலைச்சொல் சங்கத்தைத் தொடங்கி, அதற்கென ஓர் இதழும் நடத்தினார். பின்னாளில் ‘திண்ணை ரசாயனம்’ என்று வேதியியலையும் எளிய தமிழில் எழுதினார்.

சிக்கல் எங்கே வந்தது?

சொல் வேண்டும் என்பதில் சண்டை இல்லை. எந்தச் சொல் என்பதில்தான் சண்டை. அல்ஜீப்ரா ‘பீஜகணித’மா, தமிழ் வேரில் புதுச் சொல்லா? 1937-ல் மாகாண முதல்வரான ராஜாஜி, அடுத்த வருஷமே பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்க, எதிர்ப்பு வெடித்தது. 1939-ல் பதவி விலகினார். 1940-ல் சீனிவாச சாஸ்திரி தலைமையில் அரசு அமைத்த கலைச்சொல் குழு வடமொழிப் பக்கம் சாய்கிறது என்று தமிழறிஞர்கள் கொதித்தார்கள்.

கடைசியில் என்ன ஆச்சு?

பீஜகணிதம் போய் இயற்கணிதம் வந்தது. க்ஷேத்திர கணிதம் வடிவியல் ஆனது. மாறி, மாறிலி, கெழு, சமன்பாடு எல்லாம் பாடப்புத்தகத்தில் நிலைத்தன. ராஜாஜி 1972 டிசம்பர் 25-ல், 94 வயதில் காலமானார். தமிழில் கணக்கு நடத்தலாம் என்ற அவரது நம்பிக்கை பலித்தது. ஆனால் இன்று பிள்ளைகள் படிக்கும் சொற்களில் பல, அவரோடு மொழி விஷயத்தில் மோதியவர்கள் கேட்ட வழியில் வந்தவை.