ஓமந்தூர் தந்த முதலமைச்சர்

(பத்தாம் வகுப்பு மாணவி, ஒலக்கூர்)

சென்ற ஆண்டு கோடை விடுமுறையில் என் பாட்டியைச் சிகிச்சைக்காகச் சென்னைக்கு அழைத்துச் சென்றோம். அண்ணா சாலையில் உள்ள அந்தப் பெரிய அரசு மருத்துவமனையை எல்லோரும் ஓமந்தூரார் ஆஸ்பத்திரி என்றே சொன்னார்கள். ஆட்டோக்காரர் சொன்னார், சீட்டு எழுதுபவர் சொன்னார், எங்கள் பக்கத்தில் காத்திருந்த வேலூர் அம்மாளும் சொன்னார். ஓமந்தூரார் என்பவர் யார் என்று அந்த அம்மாளைக் கேட்டேன். யாரோ பெரிய டாக்டராக இருக்கும் என்று அவர் பதில் கூறினார். எனக்குச் சிரிப்பு வந்தது. உடனே வெட்கமும் வந்தது. திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூர் எங்கள் ஊரிலிருந்து எட்டாத தூரமா? ஒலக்கூரில் பேருந்து ஏறித் திண்டிவனத்தில் இறங்கி வேறு பேருந்து பிடித்தால் காலை உணவு செரிக்குமுன் போய்ச் சேர்ந்துவிடலாம். ஆயினும் அவரைப் பற்றி எனக்கும் அந்த அம்மாளுக்குத் தெரிந்த அளவே தெரிந்திருந்தது.

ஆண்டு மலருக்கு ஒரு பெரியாரின் வரலாறு எழுதித் தரும்படி தமிழாசிரியை கேட்டபோது என் தோழியர் அன்னை தெரசாவையும், காமராசரையும், அப்துல் கலாமையும் எடுத்துக்கொண்டனர். நான் பக்கத்து ஊர்க்காரரை எடுத்துக்கொண்டேன்.

ஓ. பி. ராமசாமி ரெட்டியார் 1895ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் முதல் நாள் ஓமந்தூரில் உழவர் குடும்பம் ஒன்றில் பிறந்தார். அப்போது நம் பகுதி தென்னார்க்காடு மாவட்டமாக இருந்தது. விழுப்புரம் தனி மாவட்டமானது 1993இல்தான். திண்டிவனத்தில் வால்டர் ஸ்கடர் பள்ளியில் படித்தார். பெரிய பட்டங்கள் எவையும் பெறவில்லை. காந்தியடிகளின் இயக்கம் தமிழகத்தில் பரவியபோது அதில் ஈடுபட்டார், கதர் உடுத்தினார், சிறையும் கண்டார். வள்ளலாரிடத்தும் ரமண மகரிஷியிடத்தும் அவருக்கு மிகுந்த பக்தி உண்டு. ஏர் பிடிக்கும் குடும்பத்திலிருந்து வந்ததால் பிற்காலத்தில் அவரை விவசாய முதலமைச்சர் என்று மக்கள் அழைத்தனர். இளமைப் பருவத்தைப் பற்றி இவ்வளவு போதும். அவர் வாழ்வின் உயிரான பகுதி இரண்டே இரண்டு ஆண்டுகளில் அடங்கியிருக்கிறது.

1947ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், டி. பிரகாசம் பதவி விலக நேர்ந்தபின், சென்னை மாகாணத்தின் காங்கிரசு சட்டமன்றக் கட்சி ராமசாமி ரெட்டியாரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. அவர் அப்பதவியை நாடிச் செல்லவில்லை. மிகவும் தயங்கினார், பிறர் வற்புறுத்திய பிறகே இசைந்தார். அந்நாளில் மாகாணத்தின் தலைமை அமைச்சரைப் பிரதமர் என்றே சொல்வார்கள். மாகாணமோ இன்றைய தமிழ்நாடு மட்டும் அன்று. ஆந்திர மாவட்டங்களும், மலபாரும், தென் கன்னடமும் அதில் அடங்கும். நாடு விடுதலை பெற்ற 1947 ஆகஸ்டு 15 அன்று அத்தனை பெரிய நிலப்பரப்பின் ஆட்சிப் பொறுப்பில் இருந்தவர் நம் ஓமந்தூர்க்காரர்தான் என்பதை எண்ணும்போது எத்துணை வியப்பாக இருக்கிறது!

அந்த இரண்டு ஆண்டுகளில் நிறைவேறிய சட்டங்களைப் பாருங்கள். தாழ்த்தப்பட்ட மக்கள் கோயில்களுக்குள் செல்ல மாகாணம் முழுவதும் உரிமை தரும் சட்டம் 1947இல் வந்தது. பெண் குழந்தைகளைத் தேவதாசிகளாக்கிக் கோயிலுக்கு விடுவதைத் தடுக்கும் சட்டமும் அதே ஆண்டில் வந்தது. ஜமீன்தாரி முறையை ஒழிக்கும் சட்டம் 1948இல் வந்தது. அதே ஆண்டு காந்தி பிறந்த நாள் முதல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. பாரதியாரின் நூல்களின் உரிமையை அரசே பெற்றுக்கொள்ளும் என்று 1949 மார்ச்சில் சட்டமன்றத்தில் அறிவித்ததும் அவருடைய அமைச்சரவையே.

தோழியரே, இவற்றைப் படிக்கும்போது ஒரு நல்லவர் நாற்காலியில் அமர்ந்ததும் எல்லாம் தாமே நடந்துவிட்டன என்று நினைக்கத் தோன்றும். நானும் முதலில் அவ்வாறே எழுதி வைத்திருந்தேன். பிறகு ஒவ்வொன்றையும் தேடிப் படித்தபோது என் எண்ணம் மாறியது. தேவதாசி முறையை எதிர்த்து டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டு வந்தது 1927இல். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் அக்கொடுமையைத் தாமே அறிந்தவர். ஊர் ஊராகச் சென்று அதற்கு எதிராகப் பேசினார். சட்டம் வரவோ இருபது ஆண்டுகள் ஆயின. இடையில் எத்தனை அரசுகள் வந்து போயின! மதுரையில் வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்ட அன்பர்களை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அழைத்துச் சென்றது 1939இல். பாரதியின் பாடல்கள் தனியார் கையிலிருந்து விடுபட வேண்டுமென்று 1948இல் எழுத்தாளர்கள் பாரதி விடுதலைக் கழகம் என்று ஓர் அமைப்பையே ஏற்படுத்தினார்கள். ஆகவே கேட்டவர்கள் முன்பே இருந்தார்கள். அவர்களுக்குக் காது கொடுத்தவர் ஓமந்தூரார். இதனால் அவர் பெருமை குறைந்துவிடுமா? எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. கேட்பவர் குரல் காதில் விழுந்தும் விழாதது போல் இருப்பது எளிதான காரியம்.

இனி, அவர் பதவி இழந்த கதை. இதைத்தான் நான் முதன்மையாகச் சொல்ல வந்தேன்.

போர் முடிந்த காலம் அது. அரிசிக்கும் துணிக்கும் கட்டுப்பாடு இருந்தது. எதற்கெடுத்தாலும் பர்மிட், லைசென்சு. அவற்றைத் தருபவர் அதிகாரி. அதிகாரிக்கு மேலே அமைச்சர். எனவே கட்சிக்காரர்களும் சட்டமன்ற உறுப்பினர்களும் சிபாரிசுக்கு வந்தனர். இவருக்கு லைசென்சு கொடுங்கள், அந்த அதிகாரியை மாற்றுங்கள் என்று கேட்டனர். சுதந்திரத்துக்காகச் சிறை சென்றவர்களுக்கு இது கூடவா கிடையாது என்று சிலருக்கு மனத்தாங்கல். ஓமந்தூரார் அதற்கு இடம் கொடுக்கவில்லை. நிர்வாகம் வேறு, கட்சி வேறு என்பது அவர் கொள்கை. எதிர்க்கட்சியாரிடம் கண்டிப்பாக இருப்பது யாருக்கும் கூடும். தம்மைப் பதவியில் அமர்த்திய சொந்தக் கட்சியாரிடம் கண்டிப்பாக இருந்தாரே, அதுவே அருமை.

விளைவு என்னவாயிற்று? அவர் ஆட்சியின் மீது கட்சிக்குள்ளிருந்தே புகார்கள் டெல்லித் தலைமைக்குச் சென்றன. அவருடைய கைகள் சுத்தமாகவே இருந்தன. 1948இல் கட்சி மீண்டும் அவரையே தலைவராகத் தேர்ந்தெடுத்தது. ஆயினும் முணுமுணுப்பு ஓயவில்லை. முதலில் அவரை ஆதரித்த காமராசர் தரப்பினரும் விலகிப் போயினர். காமராசரும் நேர்மைக்குப் பெயர் பெற்றவர் அல்லவா என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். நல்லவர்கள் இருவர் ஒரே கருத்தில் இருக்க வேண்டும் என்பது இல்லை போலும்! கட்சி சொல்வதை அரசு கேட்க வேண்டும் என்பது ஒரு பக்கம். அரசின் அன்றாட வேலையில் கட்சி தலையிடக் கூடாது என்பது மறு பக்கம். முடிவில் 1949ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் ஓமந்தூரார் விலகினார். பி. எஸ். குமாரசாமி ராஜா அப்பொறுப்பை ஏற்றார்.

இந்த இடத்தில் என் மனத்தை ஒரு கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது. அத்தனை நேர்மையானவர் பதவியை விட்டு இறங்கும்போது பொதுமக்கள் ஏன் தடுக்கவில்லை? எங்கள் சமூக அறிவியல் ஆசிரியையைக் கேட்டேன். அந்தச் சட்டமன்றம் 1946இல் தேர்ந்தெடுக்கப்பட்டது என்றும், அப்போது சொத்து உள்ளவர், வரி கட்டுபவர், படித்தவர் ஆகியோருக்கு மட்டுமே வாக்குரிமை இருந்தது என்றும் விளக்கினார். எங்கள் கொள்ளுப்பாட்டி போன்றவர்களுக்கு ஓட்டே கிடையாது. வயது வந்த எல்லோரும் வாக்களித்த முதல் பொதுத் தேர்தல் 1952இல் முடிந்தது. அப்போது ஓமந்தூரார் ஆட்சியில் இல்லை. அவரிடம் கணக்குக் கேட்டவர்களும் சட்டமன்றக் கட்சிக்காரர்கள், அவரை இறக்கியவர்களும் அவர்களே. யாருக்காக அவர் கண்டிப்பாக இருந்தாரோ அந்தக் குடியானவர்களுக்கு அவரை வைத்துக்கொள்ளவும் வழியில்லை, அனுப்பிவிடவும் வழியில்லை. இது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது.

அவரோ வருத்தப்பட்டு வீட்டில் உட்கார்ந்துவிடவில்லை. வடலூருக்குச் சென்றார். பசித்தவருக்கு உணவளிக்க வள்ளலார் 1867இல் தருமசாலை தொடங்கிய ஊர் அது. அங்கே சுத்த சன்மார்க்க நிலையத்தையும், வள்ளலார் குருகுலம் என்னும் பள்ளியையும் நிறுவினார். ஆதரவற்ற பிள்ளைகளும் ஏழைப் பிள்ளைகளும் அங்கே படித்தனர். ஒரு மாகாணத்தை ஆண்டவர் ஒரு பள்ளிக்கூடத்தின் அரிசி, பருப்பு, கட்டடம் ஆகியவற்றைக் கவனிப்பதில் தம் எஞ்சிய காலத்தைச் செலவிட்டார். 1970ஆம் ஆண்டு ஆகஸ்டு 25 அன்று, எழுபத்தைந்து வயதில் இயற்கை எய்தினார். ஓமந்தூரில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. சென்னையில் அரசினர் தோட்டம் அவர் பெயரைத் தாங்குகிறது. அதனால்தான் ஆஸ்பத்திரிக்கும் அவர் பெயர்.

அவர் காலத்தில் மக்களுக்கு இல்லாத சில வழிகள் பின்னர் உண்டாயின. அவையும் தாமாக வந்தவை அல்ல. ராஜஸ்தானில் கூலி வேலை செய்த கிராமத்து ஏழைகள், தங்கள் ஊரில் செலவான பணத்தின் ரசீதுகளையும் கூலிப் பட்டியலையும் காட்டுங்கள் என்று கேட்டனர். 1994 முதல் ஊர் நடுவில் கூட்டம் கூட்டி, கணக்கை உரக்கப் படித்தனர். இறந்தவர் பெயரில் எல்லாம் கூலி எழுதப்பட்டிருந்தது வெளிப்பட்டது. 1996இல் பியாவர் என்னும் ஊரில் நாற்பது நாட்கள் தெருவிலேயே அமர்ந்தனர். அந்த முயற்சிகள் வளர்ந்து 2005இல் நாடு முழுவதற்கும் தகவல் அறியும் உரிமைச் சட்டமாயிற்று. தேர்தலில் நிற்பவர் தம் சொத்து விவரத்தையும் தம் மீதுள்ள வழக்குகளையும் எழுதித் தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002இலும் 2003இலும் தீர்ப்பளித்தது. அந்த வழக்கைத் தொடுத்தவர்கள் சில பேராசிரியர்கள். தமிழ்நாட்டில் லோக் ஆயுக்தா சட்டம் 2018இல் இயற்றப்பட்டது. கிராம சபையிலோ ஊராட்சியின் வரவு செலவைப் படித்துக் காட்ட வேண்டும். யாரும் எழுந்து கேட்கலாம். அந்தக் கூட்டத்துக்குப் போய் ஒரு மூலையில் அமர்ந்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் திரும்பி வருபவர்களே பெரும்பாலோர் என்று என் தாத்தா சொல்லிக் கொள்வார். அவரும் அப்படித்தான் என்பது பாட்டியின் கருத்து.

கேட்பதைப் பற்றி இவ்வளவு எழுதிய நான் என்னைப் பற்றியும் எழுதாமல் விடுவது முறையாகாது. ஆசிரியர் தின விழாவுக்காக எங்கள் வகுப்பில் முப்பத்தெட்டுப் பேரிடம் ஆளுக்கு முப்பது ரூபாய் வீதம் பணம் சேர்த்தோம். வகுப்புத் தலைவி என்ற முறையில் பணம் என்னிடம் இருந்தது. விழா நன்றாகவே முடிந்தது. மறு வாரம் இரண்டு பெண்கள் எழுந்து கணக்குக் கேட்டனர். என்னைச் சந்தேகப்படுகிறார்களே என்று எனக்குக் கோபம் பொங்கியது. தலைவி பட்டையைக் கழற்றி மேசை மீது வைத்துவிட்டு அழுதேன். ஓமந்தூரார் பதவி விலகியதைப் படித்தபோது நானும் அவரைப் போலத்தானே செய்தேன் என்று முதலில் மகிழ்ச்சி அடைந்தேன். அந்த மகிழ்ச்சி அன்று இரவு வரைகூட நிலைக்கவில்லை. அவர் ஒருநாளும் கேள்விக்குக் கோபித்துக்கொண்டு போகவில்லை. நான் அதற்காக மட்டுமே போனேன்.

வகுப்பாசிரியைச் சிஸ்டரிடம் சென்று ஒரு பெரிய தாள் வாங்கினேன். பரிசுப் பொருள் 620, மிட்டாய் 310, பூங்கொத்து 150, வண்ணத்தாள் 48 என்று எழுதினேன். மொத்தம் 1,128 வந்தது. சேர்த்ததோ 1,140. கேள்வி கேட்ட அந்த இருவரும் என்னோடு அமர்ந்து மூன்று முறை கூட்டிப் பார்த்தனர். எங்கே போயிற்று என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. தாள் எங்கள் வகுப்புக் கதவின் உட்புறம் ஒட்டப்பட்டிருக்கிறது. அதன் கடைசி வரியில், கணக்கில் வராத பணம் 12 ரூபாய் என்று என் கையெழுத்தோடு எழுதியிருக்கிறேன்.